புரொபேஷன் அதிகாரியிடம் உண்மையைச் சொல்லலாமா?

'பரோல்' என்ற சொல்லை நம் செய்தித்தாள்களில் படித்துப் பழகியவர்களுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊரில் பரோல் என்றால், ஆயுள் கைதி ஒருவர் மகள் கல்யாணத்துக்கோ அப்பாவின் சாவுக்கோ சில நாள் வெளியே வருவது. வீட்டு வாசலில் போலீஸ் உட்கார்ந்திருக்கும். நாள் முடிந்ததும் ஆள் திரும்ப உள்ளே. விதிகளின் மொழியில் அதற்கு 'விடுப்பு' என்றுதான் பெயர். அமெரிக்காவில் பரோல் என்பது வேறு சமாச்சாரம். தண்டனைக் காலத்தின் மீதியை வெளியே, ஒரு அதிகாரியின் கண்காணிப்பில் கழிப்பது அது. புரொபேஷன் இன்னொன்று: பெரும்பாலும் சிறைக்கு அனுப்பாமலே, "இத்தனை வருஷம் இந்த நிபந்தனைகளோடு வெளியே இரு" என்று நீதிமன்றம் விடுவது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஆள் உண்டு. மாதம் ஒருமுறையோ வாரம் ஒருமுறையோ போய் அவர் முன்னால் உட்கார வேண்டும். அவர்தான் கண்காணிப்பு அதிகாரி.

அந்த நாற்காலிக்கும் இந்த நாற்காலிக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. அதிலும் குறிப்பாக, இந்தப் பக்க நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கும்போது.

ஏன் பெண்கள்? ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். அமெரிக்க நீதித்துறைப் புள்ளியியல் அலுவலகத்தின் 2016 வருடக் கடைசி எண்கள்: புரொபேஷனில் சுமார் 36.7 லட்சம் பேர், பரோலில் சுமார் 8.7 லட்சம் பேர். வயது வந்தவர்களில் 55 பேருக்கு ஒருவர். புரொபேஷனில் இருப்பவர்களில் 25 சதவீதமும் பரோலில் 13 சதவீதமும் பெண்கள். ஆக மொத்தம் பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அதே வருடம் மாநில, மத்தியச் சிறைகளில் இருந்த பெண்கள் சுமார் 1,11,000. அதாவது சிறையில் ஒரு பெண் இருந்தால், வெளியே கண்காணிப்பில் ஒன்பது பெண்கள். ஆண்களுக்கு இதே கணக்கைப் போட்டால் ஒன்றுக்கு இரண்டரைதான் வருகிறது. சினிமாவும் சீரியலும் பெண்கள் சிறையைக் காட்டுகின்றன. தண்டனை அனுபவிக்கும் அமெரிக்கப் பெண்களில் பெரும்பாலோர் அதை அனுபவிப்பது ஒரு அலுவலக மேஜைக்கு முன்னால்.

இந்த மேஜை எப்படி வந்தது என்பது நல்ல கதை. 1841ல் பாஸ்டன் நகரத்தில் ஜான் அகஸ்டஸ் என்று ஒரு பூட்ஸ் தைப்பவர். ஒருநாள் நீதிமன்றத்துக்குப் போனவர், குடித்துவிட்டுப் பிடிபட்ட ஒரு ஆளுக்குத் தன் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் நின்றார். மூன்று வாரம் கழித்து அந்த ஆளைக் குளித்து, சவரம் செய்து, குடிக்காத நிலையில் திரும்பக் கூட்டி வந்தார். நீதிபதி ஆச்சரியப்பட்டு, ஒரு சென்ட் அபராதமும் கோர்ட் செலவும் மட்டும் போட்டு விட்டுவிட்டார். அகஸ்டஸ் அதையே வேலையாக வைத்துக்கொண்டார். 1858 வரை அவர் ஜாமீன் நின்றவர்கள் 1,946 பேர். அதில் 794 பேர் பெண்கள். கிட்டத்தட்ட 41 சதவீதம். 1859ல் அவர் இறந்தார். 1878ல் மாசசூசெட்ஸ் மாநிலம் இதற்கென்று சம்பள உத்தியோகம் ஒன்றைச் சட்டம் போட்டு உண்டாக்கியது.

அகஸ்டஸைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அவருடைய நல்ல மனசைப் பாராட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய பாக்கெட். ஜாமீன் நிற்பது என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். ஆள் ஓடிப்போனால் பணம் நின்றவருடையது. அந்தப் பெண் தவறினால் அகஸ்டஸுக்கு நஷ்டம், திருந்தினால் அவருக்கும் லாபம். இரண்டு பேரும் ஒரே பக்கம். சம்பள உத்தியோகமானபோது இந்த ஏற்பாடு தலைகீழானது. இன்றைய அதிகாரி ஒரு பெண்ணை நம்பி விட்டுப்பிடித்து, அவர் அடுத்த மாதம் ஏதாவது பெரிய குற்றம் செய்தால், பதில் சொல்ல வேண்டியவர் அதிகாரி. நம்பாமல் சிறைக்குத் திருப்பி அனுப்பினால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. எங்கள் தொழிலில் சொல்வதென்றால், ஒருபக்கத் தப்புக்கு மட்டும் அலாரம் அடிக்கிற சிஸ்டம். அப்படிப்பட்ட சிஸ்டம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

சரி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். சட்டப்படி பதில் ரொம்பத் தெளிவு. 1984ல் மினசோட்டா எதிர் மர்ஃபி என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. புரொபேஷனில் இருந்த ஒருவர் தன் அதிகாரியோடு பேசிக்கொண்டிருக்கும்போது, பல வருடங்களுக்கு முன் செய்த ஒரு பலாத்காரத்தையும் கொலையையும் ஒப்புக்கொண்டார். அதிகாரி போலீசிடம் சொல்லிவிட்டார். "நீ சொல்வது உனக்கு எதிராகப் பயன்படும்" என்று போலீஸ் விசாரணையில் சொல்லும் எச்சரிக்கையை இந்த அதிகாரி சொல்லவில்லையே என்று வாதம். அது தேவையில்லை என்று தீர்ப்பு. 1987ல் கிரிஃபின் வழக்கு: புரொபேஷனில் இருப்பவர் வீட்டை வாரண்ட் இல்லாமல் அதிகாரிகள் சோதனை போடலாம். 2006ல் சாம்சன் வழக்கு: கலிஃபோர்னியாவில் பரோலில் இருப்பவரைச் சந்தேகமே இல்லாமல்கூட சோதனை போடலாம்.

மர்ஃபி செய்த குற்றம் கொடூரமானது, அவருக்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். ஆனால் அந்தத் தீர்ப்பு, ஒரு மாதம் மட்டும் மறுபடி மாத்திரை போட்டுவிட்ட இருபத்தெட்டு வயது அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

அப்படி ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். போதை மருந்து வைத்திருந்ததற்கும் ஒரு போலிச் செக்குக்கும் புரொபேஷன். இரண்டு குழந்தைகள். அவருக்கு இருக்கும் நிபந்தனைகள் சாதாரணமானவை, எல்லா மாநிலத்திலும் ஏறத்தாழ இவைதான். சொன்ன நாளில் ஆஜராகணும். வேலை பார்க்கணும், அல்லது தேடணும். கூப்பிட்டபோது சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகணும் (பல இடங்களில் ஒரு ஊழியர் நின்று பார்த்துக்கொண்டிருக்க, சின்ன வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் இந்தக் கூட்டத்தில் ஏராளம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்). சிகிச்சை வகுப்புக்குப் போகணும். கண்காணிப்புக்கான கட்டணத்தை அவரே கட்டணும். ஆமாம், பல மாநிலங்களில் தன்னைக் கண்காணிப்பதற்கு மாதாமாதம் தானே பணம் கட்ட வேண்டும். குற்றப்பின்னணி உள்ளவர்களோடு பழகக்கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையை ஒரு நிமிஷம் பாருங்கள். காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அவருடைய அண்ணன் ஒருமுறை சிறை போனவர். குழந்தையின் அப்பா பரோலில். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சித்தி பத்து வருடம் முன்னால் புரொபேஷனில் இருந்தவர். வேலைக்குப் போ என்று ஒரு நிபந்தனை சொல்கிறது. வேலைக்குப் போகும்போது பிள்ளையை யாரிடம் விடுவது என்றால், விடக்கூடியவர்கள் எல்லாரையும் இன்னொரு நிபந்தனை அடைத்துவிடுகிறது. இரண்டு ரெக்வயர்மென்டும் தனித்தனியே சரி, சேர்த்தால் ஓடாது. இதை உடைக்காமல் வாழ வழியே இல்லை. அதனால் எல்லாரும் உடைக்கிறார்கள், அதிகாரியிடம் சொல்வதில்லை.

சொன்னால் என்ன ஆகும்? அதிகாரி நினைத்தால் கண்டும் காணாமல் விடலாம். நினைத்தால் 'நிபந்தனை மீறல்' என்று எழுதலாம். எழுதினால் விசாரணை, அதன் முடிவில் சிறை வரைக்கும் போகலாம். உச்ச நீதிமன்றம் 1972லும் 1973லும், மாரிஸி, ஸ்கார்பெல்லி என்ற இரண்டு வழக்குகளில், விசாரணை இல்லாமல் பரோலையும் புரொபேஷனையும் ரத்து செய்யக்கூடாது என்றது. நல்ல தீர்ப்புகள். ஆனால் குற்ற வழக்கில் கேட்கும் அளவுக்கு ஆதாரம் இங்கே கேட்க மாட்டார்கள். 1983ல் பியர்டன் வழக்கு. ஜார்ஜியாவில் 500 டாலர் அபராதம், 250 டாலர் இழப்பீடு. 200 டாலர் கட்டியிருக்கிறார், அப்புறம் வேலை போய்விட்டது. மீதி கட்டவில்லை என்று உள்ளே போட்டுவிட்டார்கள். கட்ட முடியாதவரா, கட்ட மனமில்லாதவரா என்று பார்க்காமல் அனுப்பக்கூடாது என்றது நீதிமன்றம். அந்த வேறுபாட்டை முதலில் பார்க்க வேண்டியவர் யார்? மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்தான்.

பெண்களுக்கு இதில் இன்னொரு கத்தி தொங்குகிறது. 1997ல் கிளின்டன் காலத்தில் வந்த தத்து மற்றும் பாதுகாப்பான குடும்பங்கள் சட்டம். ஒரு குழந்தை, கடைசி 22 மாதங்களில் 15 மாதம் அரசின் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்துவிட்டால், பெற்றோர் உரிமையை நிரந்தரமாக ரத்து செய்யச் சொல்லி மாநிலம் வழக்குப் போட வேண்டும் என்பது பொது விதி. உறவினர் வீட்டில் இருந்தால் விலக்கு உண்டு, வேறு சில விலக்குகளும் உண்டு. குழந்தைகள் வருடக்கணக்கில் வீடு வீடாக மாறி மாறி வளரக்கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வந்த சட்டம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். கைதான அன்றே குழந்தை அரசின் கைக்குப் போய்விடுகிறது. விசாரணைக்குச் சில மாதம், தண்டனை ஒரு வருடம், வெளியே வந்து வீடு பிடிக்க, வேலை தேட இன்னும் சில மாதம். 15 மாதம் முடிந்துவிட்டது. அப்பா சிறைக்குப் போனால் குழந்தை பெரும்பாலும் அம்மாவிடம் இருக்கும். அம்மா போனால் பாட்டி, சித்தி, அதுவும் இல்லையென்றால் அரசு. அதனால் இந்தக் கடிகாரம் அம்மாக்களுக்குத்தான் அதிகம் ஓடுகிறது. "போன வாரம் குடிச்சுட்டேன், உதவி வேணும்" என்று அதிகாரியிடம் சொல்ல வாயெடுக்கும் பெண்ணின் மனசில் ஓடுவது சிறை பயம் மட்டும் இல்லை.

விதிகளைச் சொல்லித் தருவதும் அதே அதிகாரியின் வேலை. அது நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸில் கிரிஸ்டல் மேசன் வழக்கு பிரசித்தம். வரி மோசடி வழக்கில் மத்தியச் சிறையில் இருந்துவிட்டு, கண்காணிப்பு விடுதலையில் இருந்தவர். (மத்திய அரசு வழக்குகளில் பரோலை 1980களில் எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள்.) 2016 தேர்தலில் ஓட்டுப் போடப் போனார். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் தற்காலிக ஓட்டுச்சீட்டு கொடுத்தார்கள். அந்த ஓட்டு எண்ணப்படவே இல்லை. கண்காணிப்பு முடியும்வரை டெக்சாஸில் ஓட்டுரிமை கிடையாது. அதற்காக 2018ல் ஐந்து வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். இதை எங்கள் அலுவலகத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்று, கண்காணிப்பு அலுவலகத்தைச் சேர்ந்தவரே கோர்ட்டில் சாட்சி சொன்னார். 2024 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசுத் தரப்பு அதையும் எதிர்த்து மேலே போனது.

இதுவரை சொன்னது சட்டம். இனி ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். நான் சமூகவியல் படித்தவன் இல்லை, பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக கோடு எழுதுகிறவன். அதனால் எண்களை நம்புவதற்கு முன் கொஞ்சம் தட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு.

முதல் ஆய்வு 2004ல் வந்தது. கிறிஸ்டி ஹோல்ட்ஃப்ரெட்டர், மைக்கேல் ரெய்சிக், மேரி மொராஷ் மூவரும் எழுதியது. கண்காணிப்பில் இருந்த 134 பெண்களைப் பேட்டி கண்டார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பது, மறுபடி கைதாவதற்கான ஆட்ஸை 4.6 மடங்கு கூட்டுகிறது. நிபந்தனை மீறலுக்கான ஆட்ஸை 12.7 மடங்கு கூட்டுகிறது. ஏழைப் பெண்களுக்கு வீடு போன்ற உடனடித் தேவைகளில் அரசு உதவி கிடைத்திருந்தால், மறுகுற்ற ஆட்ஸ் 83 சதவீதம் குறைகிறது.

இங்கே கொஞ்சம் நிற்கணும். ஆட்ஸ் என்பதும் சாத்தியம் என்பதும் ஒன்று கிடையாது. நூறு பேரில் 50 பேர் திரும்ப மாட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்ஸ் 50க்கு 50, அதாவது 1. அது 83 சதவீதம் குறைந்தால் 0.17. திருப்பி சாத்தியமாக மாற்றினால் நூற்றுக்குச் சுமார் 15 பேர். நூற்றுக்கு 20 பேர் மாட்டுகிற இடத்தில் அதே குறைப்பு 4 பேரில் கொண்டு வந்து விடும். 134 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அதனால் 83 என்ற எண்ணை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு சுவாரசியமாகப் பட்டது மற்ற இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் தூரம். 4.6 ஒரு பக்கம், 12.7 ஒரு பக்கம். வறுமை சட்டத்தை மீற வைப்பதைவிட நிபந்தனையை மீற வைப்பது அதிகம். யோசித்தால் இது இயல்புதான். சட்டத்தைக் கடைப்பிடிக்கக் காசு வேண்டாம், திருடாமல் இருந்தால் போதும். நிபந்தனையைக் கடைப்பிடிக்க பஸ் காசு வேண்டும், போன் பில் கட்ட வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்கிற தைரியம் வேண்டும்.

இது தெரிந்தும் அதே அரசு என்ன செய்தது? 1996 நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தில், போதைமருந்துக் குற்றத்தில் பெரிய தண்டனை பெற்றவர்களுக்கு உணவு உதவியும் ரொக்க உதவியும் வாழ்நாள் முழுக்கக் கிடையாது என்று ஒரு பிரிவு போட்டார்கள். மாநிலங்கள் விரும்பினால் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னதால், பிற்பாடு பல மாநிலங்கள் அதைத் தளர்த்தின. கொலை செய்தவருக்கு இந்தத் தடை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து, மதிப்பெண் விஷயம். கண்காணிப்பில் வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு ரிஸ்க் ஸ்கோர் போடுவார்கள். இதில் பிரபலமானது கனடாவில் உருவான எல்.எஸ்.ஐ.ஆர் என்ற 54 கேள்விப் படிவம். பழைய குற்றம், வேலை, நண்பர்கள், போதை, இருப்பிடம் என்று போகும். இந்த மாதிரிக் கருவிகளின் அடித்தளம் பெரும்பாலும் ஆண்களை வைத்து நடந்த ஆராய்ச்சிதான் என்பது பெண்ணியக் குற்றவியலாளர்களின் நெடுநாள் புகார். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பேட்ரிசியா வான் வூரிஸ் தலைமையில் பெண்களுக்கென்றே ஒரு படிவம் செய்தார்கள். அடி உதை வாங்கிய வாழ்க்கை, மனச்சோர்வு, பிள்ளை வளர்ப்பின் அழுத்தம், பாதுகாப்பான வீடு இதெல்லாம் அதில் உண்டு. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் என் சந்தேகம் ஒன்று உண்டு: புருஷனிடம் அடி வாங்கியது ஒரு பெண்ணின் 'தேவை' என்று படிவத்தில் ஏறும், கூட்டும்போது அது 'ரிஸ்க்' என்று பெயர் மாறி வெளியே வரும். அடித்தவனுக்கு ஒரு மார்க்கும் கூடாது.

இப்போது மேஜைக்கே வருகிறேன். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதே மேரி மொராஷ், தகவல் தொடர்புத் துறையைச் சேர்ந்த சாண்டி ஸ்மித் முதலியவர்களோடு சேர்ந்து ஒரு நீண்ட ஆய்வு செய்தார். 402 பெண்கள், அவர்களைக் கண்காணிக்கும் 73 அதிகாரிகள். மிச்சிகனில் பெருங்குற்றப் புரொபேஷனையும் பரோலையும் ஒரே துறைதான் பார்க்கிறது, அதனால் இரண்டு வகையினரும் இதில் வருகிறார்கள். அதிகாரிகளின் பாணியை ஆதரிக்கிற பாணி, தண்டிக்கிற பாணி என்று அளந்தார்கள். அந்தச் சந்திப்புகளுக்குப் பெண்களிடம் என்ன எதிர்வினை என்பதையும் அளந்தார்கள்: எவ்வளவு பதற்றம், 'இனி தப்பு செய்யாமல் என்னால் இருக்க முடியும்' என்ற நம்பிக்கை எவ்வளவு, அப்புறம் மூன்றாவதாக ஒன்று. ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966ல் முன்வைத்த கருத்து அது. ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிப்பது போல் பேசினால், சொன்னது நல்லதாகவே இருந்தாலும், எதிராகச் செய்யத் தோன்றும். இதற்குத் தமிழில் புதுக் கலைச்சொல் எதுவும் தேவையில்லை. வீம்பு.

முடிவுகள் எதிர்பார்த்த மாதிரிதான். ஆதரிக்கிற பாணி இருந்தால் பதற்றமும் வீம்பும் குறைவு, தன்னம்பிக்கை அதிகம். தண்டிக்கிற பாணிக்கு நேர் எதிர். இதில் என்ன புதுசு என்று கேட்பீர்கள். புதுசு இதுதான்: ஆதரவின் பலன் அதிகம் தெரிந்தது, மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு அதிகம் என்று கணக்கிடப்பட்ட பெண்களிடம். அலுவலக வழக்கமோ இதற்கு எதிர். ஸ்கோர் கூடக் கூட சந்திப்பு கூடும், சோதனை கூடும், குரலும் கூடும்.

ஆதரவு என்றால் விட்டுக்கொடுப்பது என்று நினைக்க வேண்டாம். 2007ல் ஜெனிஃபர் ஸ்கீமும் சகாக்களும் இந்த உறவை அளக்க 30 கேள்வி கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். கண்காணிக்கப்படுபவர்களின் பதில்களைப் பிரித்துப் பார்த்தபோது மூன்று கொத்தாக விழுந்தன: அக்கறையும் நியாயமும், நம்பிக்கை, கெடுபிடி. கவனியுங்கள், அக்கறையும் நியாயமும் தனித்தனிக் கொத்தாக விழவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அதிகாரி சிரித்துப் பேசுகிறாரா என்பதல்ல கேள்வி. விதியைச் சொல்லும்போது காரணம் சொன்னாரா, நான் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவெடுத்தாரா, போன மாதம் ஒன்று இந்த மாதம் ஒன்று என்று மாற்றாமல் இருந்தாரா. கண்டிப்பான ஆள், ஆனால் நியாயஸ்தர் என்று நாம் சில வாத்தியார்களைப் பற்றிச் சொல்வோமே, அதுதான். இந்த மதிப்பெண் நன்றாக இருந்தவர்கள் நிபந்தனை மீறிச் சிறைக்குத் திரும்புவது குறைவு என்று தொடர்ந்து வந்த ஆய்வுகள் காட்டின.

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் ஜேம்ஸ் பொன்டாவின் குழு 2008ல் வேறு மாதிரி செய்தது. அதிகாரிகள் நடத்தும் சந்திப்புகளையே ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். அதுவரை யாரும் உள்ளே திறந்து பார்க்காத கறுப்புப் பெட்டி என்று தலைப்பிலேயே சொன்னார்கள். என்ன பேசுகிறார்கள்? நிபந்தனை, நிபந்தனை, நிபந்தனை. முகவரி மாறிச்சா, கட்டணம் கட்டியாச்சா, வகுப்புக்குப் போனியா. அதிலேயே அதிக நேரம் செலவான இடங்களில் மறுகுற்றமும் அதிகம். எதனால் குற்றம் நடக்கிறது என்பதைப் பேசிய இடங்களில் குறைவு.

இப்போது என் தட்டிப் பார்க்கும் வேலை. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் சீட்டுக் குலுக்கி ஆட்களைப் பிரித்துச் செய்தவை கிடையாது. ஏற்கனவே ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் பெண்ணிடம் எந்த அதிகாரியும் நயமாகத்தான் பேசுவார். காரணம் எது, விளைவு எது என்று பிரிப்பது கஷ்டம். மிச்சிகன் ஆய்வில் ஒரே அதிகாரியின் கீழ் பல பெண்களைப் பார்த்ததால், அதிகாரியின் பொதுவான பாணியை ஓரளவு தனியே பிரிக்க முடிந்தது. அதனால் அதற்கு நான் கொஞ்சம் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. நல்ல அதிகாரியிடம் பெண்கள் மனம் திறந்து பேசுவார்கள். பேசியது எல்லாம் ஃபைலில் ஏறும். நாளைக்கு அந்த அதிகாரி மாற்றலாகிப் போய் கெடுபிடிக்காரர் ஒருவர் வந்தால், நம்பிச் சொன்னதெல்லாம் அவர் கையில். மர்ஃபி தீர்ப்பு அப்படியேதான் இருக்கிறது. பாணியை மாற்றிப் பயிற்சி கொடுப்பது நல்லது. ஆனால் உண்மை சொன்னால் கிடைக்கும் தண்டனையைக் குறைக்காமல் "மனசு விட்டுப் பேசுங்க" என்று சொல்வது ஒரு வகையில் பொறி வைப்பது மாதிரிதான்.

நம் நாட்டுச் சட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன். சென்னை மாகாணத்தில் 1936லேயே நன்னடத்தைச் சட்டம் இருந்தது. இன்று இருப்பது 1958ன் மத்தியச் சட்டம், குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். அதன் 14வது பிரிவு நன்னடத்தை அதிகாரியின் கடமைகளைச் சொல்கிறது: கண்காணிக்கணும், தேவைப்பட்டால் வேலை தேடிக் கொடுக்க முயற்சி பண்ணணும், ஆலோசனையும் உதவியும் தரணும். அவருடைய அறிக்கை ரகசியம் என்கிறது 7வது பிரிவு. என்னைச் சிரிக்க வைத்தது 9வது பிரிவு. நிபந்தனையை முதல்முறை மீறினால், நீதிமன்றம் நினைத்தால் பழைய குற்றத்துக்கே தண்டனை தரலாம், அல்லது பிணையை அப்படியே விட்டுவிட்டு 50 ரூபாய்க்கு மிகாமல் அபராதம் போடலாம். 1958ன் 50 ரூபாய். தொகையைச் சட்டத்திலேயே எழுதி வைத்தால் இப்படித்தான், விலைவாசி பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த யோசனை கெட்ட யோசனை இல்லை. முதல் சறுக்கலுக்கு ஒரு சின்ன, முன்கூட்டியே தெரிந்த விலை.

மிச்சிகன் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது. 2021 தொடக்கத்தில் கையெழுத்தான சட்டத்தில், பெருங்குற்றப் புரொபேஷனின் உச்சகாலத்தை ஐந்து வருடத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். சில வகைக் குற்றங்கள் நீங்கலாக, புதுக் குற்றம் எதுவும் செய்யாமல் நிபந்தனையை மட்டும் மீறியதற்கு முதல்முறை அதிகபட்சம் 15 நாள், இரண்டாம் முறை 30, மூன்றாம் முறை 45 என்று உச்சவரம்பு போட்டார்கள். 15 நாளில் வேலை போகலாம். வாடகை தவறலாம். ஆனால் 22 மாதக் கடிகாரத்தில் 15 மாதம் ஓடிவிடாது. "போன வாரம் குடிச்சுட்டேன்" என்ற வாக்கியத்துக்கு இப்போது ஒரு விலை எழுதப்பட்டிருக்கிறது, அது என்னவென்று இரண்டு நாற்காலியிலும் இருப்பவர்களுக்குத் தெரியும். பரோலில் இருக்கும் பெண்ணுக்கு இந்த உச்சவரம்பு பொருந்தாது.